குடும்பத்தோடு கலை மாலைக்குப் போவோம்

(பொன்விழா ஆண்டு உறுப்பினர் ஒன்றுகூடலில் மகளிர், இளையர் பிரிவுகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





கல்வி நிதியைப் பற்றிப் பேசியாகிவிட்டது. முதியோர் பராமரிப்பு, ஜனாஸா உதவி பற்றியும் பேசியாகிவிட்டது. அவற்றுக்குப் பிறகு எங்கள் இரு பிரிவுகளும் இசை நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் போவது பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது அவையில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிரியாணி வரும்வரை பொழுதைப் போக்கத்தான் எங்களை மேடையேற்றியிருக்கிறார்கள் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் நாங்கள் கேட்டு வாங்கிய தலைப்பு இது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஒரு தமிழ் மேடை நாடகத்தில் நடித்தாள். மூன்று மாதம், வேலை முடிந்து ஒத்திகை, வீடு திரும்ப நள்ளிரவு. நம் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டோம். ‘மாஷா அல்லாஹ்’ என்று எத்தனை பதில்கள், எத்தனை கட்டைவிரல்கள்! நாடகத்தன்று அரங்கில் நம்மவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் அவள் வீட்டார். நாடகம் முடிந்து வெளியே வந்தவள், மேடை ஒளியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, “மத்தவங்கள்லாம் பின்னாடி உக்காந்திருந்தாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினோம்.

‘கலை நம் வழக்கத்தில் இல்லாதது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களில் ஒன்று, 1872இல் வெளிவந்த முனாஜாத்துத் திரட்டு. முனாஜாத்து கண்ணால் படித்து மூடிவைப்பதற்கு எழுதப்படுவதில்லை. குரலெடுத்துப் பாடுவதற்கு எழுதப்படுவது. கிஸ்ஸா, மசலா, படைப்போர் என்று நம் முன்னோர் ஆக்கியவை எல்லாம் கூட்டத்தின் நடுவில் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்டவை. சீறாப்புராணத்தை இரவில் பாடிப் பொருள் சொல்லும் சபைகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நடந்தன. பினாங்கின் போரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸ் படைப்பிரிவோடு வந்த இந்திய முஸ்லிம்கள் வழியாக முஹர்ரம் மாதத்தில் அங்கே வேர்விட்டது, பிறகு மலாய் மக்களின் கலையாகவே ஆகிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் பங்சாவான் பிறந்தது. கப்பலேறி வந்தவற்றில் துணியும் மிளகும் மட்டும் இல்லை.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். 1923இல் ஜாலான் புசாரில் நியூ வோர்ல்ட் திறந்தார்கள். இப்போது சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி இருக்கும் இடம். சிராங்கூன் சாலைக் கடையில் கணக்கை முடித்துவிட்டு நடந்தே போகலாம். 1931இல் கிரேட் வோர்ல்ட், அதன்பின் கேலாங்கில் ஹேப்பி வோர்ல்ட், அதுவே பிறகு கே வோர்ல்ட். பங்சாவான், ரோங்கேங், குத்துச்சண்டை, சினிமா எல்லாம் ஒரே வேலிக்குள். மூத்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டதும் முகம் மலர்வதை இங்கிருந்தே பார்க்கிறோம்.

ஃபோர்ட் கேனிங் குன்றுச் சரிவில் 1963இல் எழுந்த தேசிய அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 3,420 இருக்கைகள். பக்கச் சுவர்களே கிடையாது. முகப்பில் ஐந்து முனைகள், முன்னால் பிறை வடிவில் நீரூற்று. நம் கொடியின் பிறையும் ஐந்து விண்மீன்களும் அதில் இருந்தன. கட்டுவதற்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். ‘ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி’ என்பதுதான் அந்த நிதித் திரட்டின் பெயர். ஒரு வெள்ளிக்கு அன்று என்ன மதிப்பு என்பது அந்தக் காலத்தில் கூலி வாங்கியவர்களுக்குத் தெரியும். நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளிக்கூடமும் வீடும் போதாமல் இருந்த நேரத்தில், ஒரு மேடை வேண்டும் என்று சாதாரண மக்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். அந்த அரங்கம் 1986இல் இடிக்கப்பட்டது. கட்டடம் போகலாம். ஆனால் ஒரு நகரத்தின் மேடை பணக்காரர்களுடையது மட்டும் என்ற நினைப்பு அன்று இல்லை. அது எப்போது நமக்குள் நுழைந்தது என்றுதான் தெரியவில்லை.

இந்தப் பழைய கதைகளில் எங்கள் மகளிர் பிரிவுக்கு ஒரு வருத்தம் உண்டு. போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கடையநல்லூர், தென்காசிப் பகுதியினர் பலர் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். மற்ற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அதனால் வேலை முடிந்த மாலை என்பது ஆண்களின் மாலையாக இருந்தது. பிறகு குடும்பங்கள் வந்தன, வீவக வீடுகள் வந்தன, பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்கள் (1925–2015) சிங்கப்பூர், மலேசிய மேடைகளில் பாடியிருக்கிறார். நேரில் கேட்ட அத்தாமார்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அதே பாட்டுகளைச் சமையலறையில் ஒலிநாடாவில் ஆயிரம் தடவை கேட்ட அம்மாமார்களில் எத்தனை பேர் அந்தக் குரலை ஒரு தடவையாவது நேரில் கேட்டார்கள்? கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, மூன்று கைகள்.

ஆகவே கடந்த நவம்பரில் எஸ்பிளனேடில் கலா உத்சவம் நடந்தபோது 38 பேர் சேர்ந்து போனோம். மூன்று பேர் தள்ளுவண்டியில் குழந்தைகள், ஒருவர் சக்கர நாற்காலியில். அந்த நன்னிக்கு 74 வயது. சிங்கப்பூருக்கு வந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகிறது. அந்தக் கட்டடம் 2002 அக்டோபரில் திறந்ததிலிருந்து பேருந்தில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ‘டுரியான்’ என்று பேரனுக்குக் காட்டியிருக்கிறார். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. ஏன் என்று கேட்டோம். “வாசல்லயே டிக்கெட் கேப்பாங்கன்னு நெனச்சேன்மா” என்றார்.

இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். வாசலில் டிக்கெட் இல்லை. உள்கூடத்திலும் நீர்முகப்பு ஓரத்துத் திறந்தவெளி அரங்கிலும் நடக்கும் நிகழ்ச்சிகள் இலவசம். யாரும் உங்கள் உடையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் சீனத் தம்பதி, அந்தப் பக்கம் வேலை முடிந்து வந்த வெளிநாட்டு ஊழியர்கள். அன்று புல்லாங்குழலும் தபேலாவும். முதல் பத்து நிமிடம் நம் பிள்ளைகள் கைப்பேசியில் இருந்தார்கள். பிறகு தபேலாக்காரர் வேகத்தைக் கூட்டக் கூட்டக் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக மடிக்குப் போயின. நன்னி சக்கர நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பக்கீர்மார்கள் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு வாசலுக்கு வருவார்களாம்; அந்தத் தாளம் இதில் இருக்கிறது என்றார். திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. அவருடைய பேத்திக்குத் தப்ஸ் என்ற சொல்லே அன்றைக்குத்தான் தெரியும்.

முடிந்ததும் நம்மவர் ஒருவர், “சாப்பாடு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எழுதிவைக்க வேண்டிய கேள்வி. ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் எந்த நிகழ்ச்சியையும் பொட்டலம் கொடுக்காமல் முடித்ததில்லை.

இனி, பலர் தனியாக எங்களிடம் கேட்ட சந்தேகங்களுக்கு வருகிறோம்.

முதலாவது தொழுகை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மஃரிப் ஏழு மணியை ஒட்டியே வருகிறது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஏழரைக்கோ எட்டுக்கோ தொடங்குகின்றன. எட்டு மணி நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் இல்லை. விக்டோரியா அரங்கம் என்றால், ராஃபிள்ஸ் பிளேஸில் யூஓபி கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மௌலானா முகமது அலி பள்ளிவாசல் இருக்கிறது. தொழுதுவிட்டு கேவனா பாலத்தைக் கடந்தால் அரங்கம். வார இறுதியில் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய நூலகக் கட்டடத்தில் உள்ள நாடக அரங்குக்குப் போவதென்றால் ஒரு பக்கம் பென்கூலன் பள்ளிவாசல், மறுபக்கம் சுல்தான் பள்ளிவாசல். இஷாவை வீடு திரும்பித் தொழுதுகொள்ளலாம். சனி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக் காட்சிகளும் உண்டு. பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே வசதி. ஐந்து மணிவாக்கில் வெளியே வந்தால் அஸருக்கு நேரம் இருக்கும்.

இரண்டாவது, இசை கூடுமா, கூடாதா. ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. வேண்டாம் என்று ஒதுங்குபவர்களை மதிக்கிறோம், வற்புறுத்த மாட்டோம். அவர்களுக்கும் இந்த நகரத்தில் போக இடம் இருக்கிறது. எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இஸ்லாமியக் கலைக்கென்றே கூடம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெலித்துங் தீவருகே மூழ்கிய அரபுப் பாணிக் கப்பலின் பொருள்களை அங்கே காணலாம். தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2013 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. நாடகம், கவிதை வாசிப்பு என்று மற்றவையும் உண்டு. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது: சென்னையிலிருந்து திரை நட்சத்திரங்கள் வரும்போது இந்தக் கேள்வி இவ்வளவு பலமாக எழுந்து நாங்கள் கேட்டதில்லை.

அந்த நட்சத்திர இரவுகளுக்கு முன்வரிசைக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுக்கிறோம். இங்கே பிறந்து, இங்கே ஒத்திகை பார்த்து, இங்குள்ள வாழ்க்கையைப் பேசும் தமிழ் நாடகத்துக்கு முப்பது வெள்ளி என்றால் ‘ஓசியில் பாஸ் கிடைக்குமா?’ என்கிறோம். ரவீந்திரன் நாடகக் குழு 1988 முதல் நடத்தி வருகிறது. இப்படிப்பட்ட குழுக்கள் ஒரு காட்சிக்கு இருக்கை நிரம்புமா என்ற கவலையிலேயே ஒவ்வோர் ஆண்டும் ஓட்டுகின்றன. நம் பிள்ளைகள் அந்த மேடைகளில் இருக்கிறார்கள்.

பணம் ஒரு காரணமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 18 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் அரசாங்கம் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 100 வெள்ளி கொடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கியது, 2028 கடைசிவரை செல்லும். உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு மட்டும். (நட்சத்திர இரவுக்குச் செல்லாது, யாரும் கேட்க வேண்டாம்.) நால்வர் அந்த வயதில் உள்ள வீட்டில் 400 வெள்ளி தூங்கிக்கொண்டிருக்கிறது. சிங்பாஸ் வழியாக அதைப் பயன்படுத்தத் தெரியாத பெரியவர்களுக்கு உதவ, இளையர் பிரிவினர் இன்று வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

செயலவையிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சங்கத்தின் பெயரில் மொத்தமாக இருக்கைகள் வாங்கிக் குடும்பங்களை அழைத்துப் போக வேண்டும். தமிழாக இருக்க வேண்டும் என்பதில்லை. தியேட்டர் எக்காமத்ராவின் மலாய் நாடகத்துக்கும் போகலாம். நம் வீடுகளில் பாதிப் பேச்சு மலாய்தானே! இரண்டாவது, நம் பொன்விழாவையொட்டி முனாஜாத்தும் தப்ஸும் ஒரு முறையான அரங்கில், சரியான ஒலியமைப்போடு மேடையேற வேண்டும். அதற்குப் பத்து வெள்ளியாவது கட்டணம் வைக்க வேண்டும், பாடுபவருக்கு உரிய தொகை கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவதில் செயலவையில் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை என்று அறிவோம். ‘நம் மக்கள் காசு கொடுத்து வர மாட்டார்கள்’ என்கிறார்கள். நகைக்கடைக்கும் உம்ராவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் காசு கொடுக்கிறவர்கள்தான் நாம். பொன்னாடை போர்த்தி, பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டால் பாடுகிறவர் வீட்டு வாடகையை எதைக் கொண்டு கட்டுவார்? அவர் மகன் அந்தப் பாட்டை ஏன் கற்றுக்கொள்வான்? தப்ஸ் அடிக்கத் தெரிந்தவர்களை எங்கள் பட்டியலுக்காகத் தேடினோம். ஆறு பேர் கிடைத்தார்கள். இளையவருக்கு 58 வயது.

அடுத்த பயணம் வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, தேசிய நூலகக் கட்டட அரங்கில் எட்டு மணி நாடகம். மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடும், மருமக்களையும் நண்பர்களையும் தயங்காமல் கூட்டி வாருங்கள். பேருந்து ஐந்தரைக்குச் சங்க வாசலில் இருந்து புறப்படும், மஃரிப் சுல்தான் பள்ளிவாசலில். தாமதமாக வருபவர்களை அரங்கில் உடனே உள்ளே விட மாட்டார்கள். நம் கல்யாண நேரம் அங்கே செல்லாது. குளிர் அதிகம், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். 40 இருக்கைகள் சொல்லிவைத்திருக்கிறோம், இன்று காலைவரை 17 பெயர்கள் வந்திருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலருகே உள்ள மேசைக்கு வாருங்கள்.

சாப்பாடு நாடகம் முடிந்த பிறகு, அவரவர் செலவில்.