நிலம் பேணல் நம் கடன்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்து இளைஞர் சிலர் சென்ற ஓராண்டாக வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டங்களிலே கமக்காரரோடு சேர்ந்து செய்துவந்த பணியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். நம்மிற் பலர் மிஷன் பாடசாலைகளிற் படித்துச் சர்வகலாசாலை புகுந்தவர், மண்வெட்டி பிடித்தறியாதவர். ஆயினும் கமக்காரர் நம்மைத் தம்பிமார் என்றழைத்து, தம் தோட்டங்களிலே இடந்தந்தனர். அவர்க்கு நம் முதல் நன்றி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. குடிநீரும் அதுவே, இறைப்பு நீரும் அதுவே. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் 1 அடி தாழுமாயின், அடியிலே உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழும் என்பது நீரியலார் கணக்கு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. இயந்திரமோ களைப்பதில்லை.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் உண்ணாது விட்டது நைத்திரேற்றாகி, நீரோடு கிணற்றுக்குள் இறங்குகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று ஆகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நம் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். ஆதலின் தோட்டத்து மண்ணைப் பற்றிய பேச்சு நம் வீட்டுத் தொட்டிலைப் பற்றிய பேச்சுமாகும்.

நம் முன்னோர் பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தினர், பனையோலை புதைத்தனர், தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தனர். உழுதலினும் எருவிடுதல் நன்று என்பது திருக்குறளின் உழவு அதிகாரம் தரும் அறிவுரை. அவ்வழியையே நாமும் மேற்கொண்டோம். மழையோடு சணல் விதைத்தோம். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஈட்டித்தரும். பூக்குந் தறுவாயில் அதனை மடக்கிக் கொத்தினோம். வேலியோரங்களிலே குழைக்காகச் சீமைக்கிளுவைத் தடிகள் நட்டோம். அவ்விடங்களில் மண் பொலபொலவென்றாகி, ஈரம் கூடிய நாள் நிற்பதாகக் கமக்காரரே கூறினர்.

ஆயினும் இது பொறுமை வேண்டும் பணி. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து, நவம்பரிலே அத்தடை தளர்ந்தது. ஆண்டுக்கணக்கிற் பட்டினி கிடந்த மண் ஓர் ஆணையால் ஒரு போகத்திலே தேறிவிடாது.

பெரியோர்களே, முதிர்ந்த கமக்காரர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வியை உங்கள்முன் வைக்கின்றோம். "தம்பிமார், குழை தாட்டால் மண் தேறும் எண்டு எனக்கும் தெரியும். ஆனால் காணி என்ரையில்லை, வருஷக் குத்தகை. நான் தாட்ட குழையின்ரை பலன் வாற வருஷம் ஆருக்கு?"

இதற்கு நம்மிடம் விடையில்லை, உங்களிடம் உண்டு. காணியுடையோர் பலர் இம்மண்டபத்திலே இருக்கின்றீர்கள். உங்கள் உறவினர் கடல்கடந்திருந்து காணியைக் குத்தகைக்கு விட்டிருக்கின்றனர். வருஷக் குத்தகையை மூன்று வருஷக் குத்தகையாக எழுதிக்கொடுங்கள். அவர்களுக்கும் எழுதிச் சொல்லுங்கள். மண்ணிலே இட்டதைத் தானே அறுப்பேன் என்ற நம்பிக்கை பிறந்தால், குழை தாழ்க்கக் கமக்காரருக்கு நாம் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களே, வருகின்ற மாரிக்குச் சணல் விதைக்கக் கைகள் போதா. வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தாருங்கள். மண்வெட்டி கமக்காரர் தருவார். பிடிக்கவும் அவரே பழக்குவார்.