தொலைபேசியில் ‘சமாளிப்பேன்’ என்று சொல்லிவிடாதீர்கள்

(முள்ளிவாய்க்காலில் மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. தோட்டங்களிலும் பலர் இதே மேன்முறையீட்டோடு அலைவதால் இங்கே தருகிறோம்.)



மலையில் இருக்கிற தொழிற்சங்கத்துக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று வரும் வழியில் ஒரு ஐயா கேட்டார். இங்கே இருக்கிற பலருக்குப் பதில் தெரியும். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் நம்முடையவை. 1977க்குப் பிறகு காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் பலரைக் குடியேற்றியது. காடு வெட்டி, கிணறு வெட்டி, கிளிநொச்சி முல்லைத்தீவு என்று பரவி, 2009இல் எல்லாரோடும் சேர்ந்து நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் இந்த மணலில் வந்து நின்றார்கள். கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே கையும் காலும் இழந்திருக்கிறார்கள். அதனால் நாங்கள் விருந்தாளிகளாக வரவில்லை.

விஷயத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவித்தொகை 5,000 ரூபாயாக இருந்தது. 2024இல் 7,500 ஆகி, 2025இல் 10,000 ரூபாயாகியிருக்கிறது. அரிசி விற்கிற விலைக்கு இது போதாது. அதற்காக விட்டுவிடவும் முடியாது. இதையும் அஸ்வெசும கொடுப்பனவையும் சுற்றித்தான் இன்றைய அலைச்சல் எல்லாம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடக்கிற அஸ்வெசுமவில், பெயர் வராதவர் மேன்முறையீடு செய்யலாம். 2023இல் முதல் பட்டியல் வந்தபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. ஆகவே மேன்முறையீடு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனு போன பிறகு அலுவலர் வீட்டுக்கு வரலாம், பிரதேச செயலகத்துக்குக் கூப்பிடலாம், சில வேளை தொலைபேசியிலேயே கேட்டு முடித்துவிடலாம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

எங்கள் தவறையே முதலில் சொல்கிறோம். ஒரு கை இல்லாத தங்கச்சி ஒருத்திக்கு அப்படி அழைப்பு வந்தபோது நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். மனுவை அழகாக எழுதிக் கொடுத்திருந்தோம். பேசுவதற்கு மட்டும் அவளைத் தயார்படுத்தவில்லை. “சமைப்பீங்களா?” “ஓம் ஐயா, சமைப்பன்.” “தண்ணி அள்ளுவீங்களா?” “ஓம், சமாளிப்பன்.” “நன்றி அம்மா.” முடிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுப்பு மூட்டுவது தாய், சோறு வடிப்பது பக்கத்து வீட்டு அக்கா, குடம் தூக்குவது பத்து வயது மகன். பள்ளிக்கூடம் போகுமுன் அவன் மூன்று குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். அது எதுவும் அலுவலரின் காதுக்குப் போகவில்லை. அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை, நாங்கள் வாயைத் திறக்கவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது.

நம் சனத்துக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. தோட்டத்தில் காய்ச்சலோடு மலைக்குப் போனவர்கள் நாங்கள். இங்கே ஒற்றைக் காலோடு வலை இழுக்கிறவர்கள் நீங்கள். அந்த ரோசம்தான் நம்மை வாழ வைத்தது. தொலைபேசியில் அதே ரோசம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இங்கிலாந்தில் மாற்றுத்திறன் கொடுப்பனவு மறுக்கப்பட்டால் விசாரிக்கத் தனி மன்றமே இருக்கிறது. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், மாற்றுத்திறன் பற்றி அறிந்த இன்னொருவர் என்று மூவர் கேட்பார்கள். கொரோனா வந்த 2020இலிருந்து அங்கே பல விசாரணைகள் தொலைபேசியில் நடக்கின்றன. லண்டனில் உள்ள உங்கள் சொந்தக்காரர் யாராவது அதற்குள்ளால் போயிருப்பார். அந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்பதோடு அது நிற்பதில்லை. ஆபத்தில்லாமல் செய்கிறாரா? ஒழுங்காகச் செய்கிறாரா? தேவையான தடவையெல்லாம் செய்ய முடிகிறதா? நியாயமான நேரத்துக்குள் முடிக்கிறாரா? இந்த நாலுக்கும் ஆம் என்றால்தான் முடியும் என்று கணக்கு. நமது நாட்டில் இப்படி ஒரு விதியை எழுதி வைக்கவில்லை. ஆனால் பதிலைத் தயாரிக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் அரைப் பேர் போடுவது இங்குள்ள பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். நாள் முழுக்க முதுகு முறிய நின்றாலும் கணக்கப்பிள்ளை பார்ப்பது தராசை மட்டும். இந்த உதவித்தொகையில் தராசு நம் வாயில் இருக்கிறது. கஷ்டத்தைச் சொன்னால்தான் அது நிறுவையில் விழும்.

“நடப்பீங்களா?” என்று கேட்டால் “பொய்க்கால் போட்டால் நடப்பேன்” என்பது அரைப் பதில். மணலில் எத்தனை தூரம்? வெயில் காலத்தில் மொட்டைக் காலில் புண் வந்தால் எத்தனை நாள் பொய்க்காலே போட முடியாது? அந்த நாட்களில் கழிப்பறைக்கு யார் கொண்டுபோகிறார்கள்? இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். எழுதி வைத்து வாசியுங்கள், கூச்சம் பாதியாகிவிடும். ஒரு கொப்பியில் ஏழு நாள் எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், யார் உதவினார்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, பிறகு எப்படி வலித்தது. நல்ல நாளையும் எழுதுங்கள், கெட்ட நாளையும் எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. “எப்படிக் காயம் வந்தது?” என்ற கேள்வியில் பலர் உடைந்துபோகிறார்கள். மாத்தளனில் தொடங்கி மே 18 வரை சொல்லி அழுது முடிக்கும்போது நேரம் போய்விடுகிறது. சிலர் பயத்தில் ஒன்றுமே சொல்வதில்லை. அந்தக் கதை சொல்லப்பட வேண்டிய கதை. அதைப் பத்து நிமிட அழைப்புக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். “2009இல் ஷெல் காயம், முழங்காலுக்குக் கீழே இல்லை” என்று ஒரு வசனம் போதும். உடனே இன்றைய நிலைமைக்கு வாருங்கள்.

பத்திரங்கள் அந்த இடப்பெயர்விலேயே போய்விட்டன என்கிறீர்கள். காகிதம் இல்லாததன் விலை எங்களுக்குத் தெரியும். 1948இல் தகப்பனோ பாட்டனோ இங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட முடியாமல்தான் எங்கள் முன்னோர் பிரஜாவுரிமை இழந்தார்கள். அதனால் சொல்கிறோம்: பழைய சிட்டையைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்ப் புதிய வைத்திய அறிக்கை கேளுங்கள். கிளினிக் கொப்பி, பொய்க்கால் வாங்கிய துண்டு, கிராம அலுவலரின் கடிதம், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பிரதியும் எடுத்து வையுங்கள்.

தொலைபேசி விஷயம் சின்னதுதான், ஆனால் அதில் தவறியவர்கள் அதிகம். கொழும்பில் வேலை செய்கிற மகனின் இலக்கத்தை மனுவில் போட்டால் அழைப்பு அவனுக்குத்தான் போகும். வீட்டில் இருக்கிற இலக்கத்தைக் கொடுங்கள். சிக்னல் எந்த மரத்தடியில் கிடைக்கும் என்று பார்த்து அங்கே கதிரை போடுங்கள். காது கேட்காவிட்டால், பேச்சு திக்கினால், உதவிக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிங்களத்தில் பேசினால் தமிழில் பேசும்படி கேளுங்கள். அது சலுகை அல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை. கேள்வி விளங்காவிட்டால் ‘ஓம்’ போடாமல் திரும்பக் கேளுங்கள். பேசியவரின் பெயர், பதவி, திகதி, நேரம் எழுதி வையுங்கள். வங்கி இரகசிய இலக்கத்தையோ கைத்தொலைபேசிக்கு வருகிற ஓ.டி.பி.யையோ கேட்டால் அவர் அலுவலர் அல்ல, கள்ளன். வைத்துவிடுங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தோட்ட வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வேலைத்தளத்தில் பட்ட காயத்துக்கான நட்டஈடு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் வருவது. அது வேறு கோரிக்கை, இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பாதீர்கள்.

அந்தத் தங்கச்சி இன்றைக்கு வந்திருக்கிறாள். திரும்ப மனுப் போட்டிருக்கிறோம். தேநீருக்குப் பிறகு அந்த வேம்புக்குக் கீழே நாங்கள் அலுவலராக நின்று கேள்வி கேட்போம், முதலில் அவள் பதில் சொல்வாள். பிறகு ஒவ்வொருவராக வாருங்கள். கொப்பி இல்லாதவர்களுக்குக் கொப்பி கொண்டுவந்திருக்கிறோம்.