மலையைப் படிப்பது
லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த மாஸ்டர், காதலை நிலத்தோடு இணைத்துப் பாடும் அகத்திணை மரபைப் படிப்பித்தவர். அவர் பெயரிலான கூட்டத்தில் சீன ஓவியம் எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சீனத்து மலை ஓவியத்துக்கு, ஐரோப்பிய ஓவியத்தில் பழகிய கண்ணைவிட, அகப்பாட்டில் பழகிய கண்ணே பொருத்தம் என்பது என் கட்சி. இப்படி அக்கம்பக்கம் வைத்துப் பார்ப்பது புதிதும் அல்ல. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தவர். 1934-இல் வெளிவந்த தம் நூலில் இந்தியக் கலைக் கொள்கையையும் சீனக் கலைக் கொள்கையையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பேசினார். அவர் வடமொழி நூல்களின் வழியே போனார். நான் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் வழியே போகப் பார்க்கிறேன்.

சீன ஓவியர் குவோ ஷி 1072-இல் வரைந்த ‘இளவேனில் தொடக்கம்’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். தாய்பெய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டில் மையால் வரைந்தது. உயரம் ஏறத்தாழ 158 சென்டிமீட்டர், அகலம் 108. பெயர் இளவேனில்; ஆனால் பூத்துக் குலுங்கும் மரம் ஒன்றும் இல்லை. கிளைகள் நண்டுக்கால்போல் வளைந்து மொட்டையாக நிற்கின்றன. பருவத்தைச் சொல்வது மூடுபனிதான். பனிக்கட்டி இளகி, பள்ளத்தாக்கிலிருந்து ஈரம் மேலே ஏறுகிறது. நடுமலை பாதிக்குமேல் அதில் கரைந்துபோகிறது. அந்தப் பனியை வரைய ஓவியர் மை தொடவே இல்லை. பட்டை அப்படியே விட்டிருக்கிறார். கண்ணைக் கீழே கொண்டுவந்தால், இடப்பக்கக் கரையில் படகிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், ஒருத்தியின் கையில் குழந்தை. நகத்தளவு மனிதர்கள். வலப்பக்கம் அருவிகளை ஒட்டிக் கோயில் கூரைகள். இந்தக் குடும்பம் அங்கேதான் போகிறதா? ஓவியர் சொல்லவில்லை. பாதை மலைக்குள் போய் மறைகிறது. மிச்சத்தை நாம் நடக்க வேண்டும்.

இப்படிச் சொல்லாமல் விடுவதைச் சீனர்கள் தேர்வு வைத்தே வளர்த்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுயிசோங் என்ற பேரரசர், தானே ஓவியர், அரண்மனை ஓவியர்களைத் தேர்ந்தெடுக்கக் கவிதை வரிகளைத் தலைப்பாகக் கொடுத்தாராம். ஒருமுறை வந்த தலைப்பு, மலைகளுக்குள் மறைந்திருக்கும் பழங்கோயில். பலரும் மரங்களுக்கிடையே கோபுர நுனியைக் காட்டினார்கள். வென்றவர் கோயிலை வரையவே இல்லை. ஓடையில் தண்ணீர் மொள்ளும் ஒரு துறவியை மட்டும் வரைந்தார் என்று கதை வழங்குகிறது. கதையோ நடந்ததோ, அந்தத் துறவி எனக்கு நம் அகப்பாட்டின் கருப்பொருளை, அதாவது நிலத்துக்கு உரிய மரம், பறவை, விலங்கு முதலியவற்றைப் போலவே தெரிகிறார். கருப்பொருளின் வழியே புறத்தே தோன்றும் பொருளை நம் இலக்கணம் இறைச்சி என்கிறது. இங்கே வந்திருக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம், கறிக்கடைச் சமாச்சாரம் இல்லை.

கவித்துவம் என்றால் கட்டறுத்துப் பாய்வது என்று நினைக்கிறோம். ஆனால் சீன மலை ஓவியம் முழுக்க இலக்கணம். பாறையின் சொரசொரப்பைக் காட்டும் தூரிகைக் கோடுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: கோடரி வெட்டு, சணல் நார், மழைத்துளி. 1679-இல் முதற்பகுதி அச்சான ‘கடுகுவிதைத் தோட்டம்’ என்ற கையேடு இவற்றையெல்லாம் படம் போட்டுக் கற்பித்தது. மாணவர் அதைப் பார்த்து மரமும் பாறையும் போட்டுப் பழகுவார். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு என்று ஒவ்வொரு திணைக்கும் உரிய பொழுதை நம் புலவர்கள் பழகியதும் இப்படித்தான். வாய்பாடு கையில் ஏறிய பிறகுதான் ஒரு சின்ன விலகல்கூடப் பேசும். ஓவியர் நீ ட்சான் (1301–1374) திரும்பத் திரும்ப ஒரே காட்சியை வரைந்தார்: இக்கரையில் நாலைந்து மரம், ஒரு மண்டபம், நடுவே அகன்ற நீர், அக்கரையில் தாழ்ந்த மலை. மண்டபத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். இவர் மண்டபம் வெறுமையாக இருக்கும். மங்கோலிய ஆட்சியின் கடைசிக் காலக் குழப்பத்தில் சொத்தை விட்டுவிட்டுப் படகில் அலைந்தவர் அவர். அந்த வெற்று மண்டபத்தை, பிரிவைப் பாடும் பாலைப்பாட்டு படித்தவருக்கு விளக்கத் தேவையில்லை.

வேறுபாடும் உண்டு. அகப்பாட்டில் நிலம் பேசினாலும் பேச்சுக்கு உரியவர் இருக்கிறார்: தலைவி, தோழி, செவிலி. சீன ஓவியத்தில் அப்படி ஒரு வாய் இல்லை. துயரம் ஓவியருடையதா, பார்ப்பவருடையதா என்று பிரிக்க முடியாது. அப்படி ஒரு வாய் இருப்பது நம் மரபுக்கு ஒரு குறை என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றும்: தோழி கொஞ்சம் அதிகம் பேசுகிறாள்.

இனி லண்டனுக்கு வருவோம். சீன ஓவியரும் எழுத்தாளருமான சியாங் யீ 1903-இல் ஜியூஜியாங்கில் பிறந்தவர். மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு 1933-இல் இங்கே வந்தார். போர், ஆட்சி மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர, ஊர் திரும்பிப் பார்த்தது 1975-இல்தான். இந்தக் கதை இந்த மண்டபத்தில் யாருக்கும் அந்நியம் இல்லை. 1935 நவம்பரில் பர்லிங்டன் மாளிகையில் சீனக் கலைப் பெருங்காட்சி திறந்தது. சீன அரசின் பொருள்கள் பிரித்தானியப் போர்க்கப்பலில் வந்து இறங்கின; நாலு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சீன ஓவியத்தைப் பார்க்கக் கற்றுத்தர சியாங் யீ ஒரு நூல் எழுதினார். பிறகு தூரிகையோடு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போனார். லண்டன் மூடுபனியை எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதை ரசித்து எழுதி வரைந்தவரும் அவரே.

ஏரி மாவட்டத்தில் அவர் வரைந்த ஒன்று, டெர்வென்ட்வாட்டர் ஏரியில் மாடுகள். மாடு இங்கிலாந்து மாடு, ஏரி இங்கிலாந்து ஏரி. மலையும் வெற்றுத்தாளாக விட்ட நீரும் சீனம். கலை வரலாற்றாசிரியர் கோம்ப்ரிச் 1960-இல் வெளியிட்ட நூலில் இதையும், அதே ஏரியைக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் படம் ஒன்றையும் அருகருகே அச்சிட்டார். ஓவியர் தம் மரபு கற்றுத்தந்த வடிவங்களையே நிலத்தில் தேடுகிறார் என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் அவர் தொனியில் மரபு ஒரு கண்ணாடிபோல் மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது வேறாகப் படுகிறது. சியாங் யீயிடம் கோடுகளின் அந்த இலக்கணம் இல்லாதிருந்தால், அந்த ஏரி அவருக்கு அஞ்சலட்டைக் காட்சியாகவே நின்றிருக்கும். ஒரு திணையின் பொருள் இன்னொன்றில் கலந்து வரும் இத்தகைய திணைமயக்கத்துக்கு நம் இலக்கணமும் இடம் கொடுத்திருக்கிறது.

புலம்பெயர்ந்த நம் கவிஞர்கள் பனி நிலத்தை ஆறாம் திணை என்றார்கள். நல்ல பேச்சு. ஆனால் நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள்; நிலத்துக்குப் பெயர் வைத்தது அதில் பாதி மட்டுமே. பொழுதும் கருப்பொருளும் எங்கே? இங்கே பனி விழுவதும் ஆண்டுக்குச் சில நாள்தான். தோர்ண்டன் ஹீத்துக்குப் பறவை எது, மரம் எது, பொழுது எது? இரவில் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் நரியைச் சேர்ப்பதா? நாலு மணிக்கே இருட்டும் டிசம்பர் எந்த உரிப்பொருளுக்கு, எந்தக் காதல் நிலைக்கு உரியது? பிரிவுக்கா, இருத்தலுக்கா? மாஸ்டரிடம் படித்தவர்கள் இதில் இரண்டு கட்சியாக இருக்கிறீர்கள் என்று கேள்வி. தேநீருக்கு முன் அரை மணி நேரம் இருக்கிறது. நரிக் கட்சி முதலில் பேசட்டும்.