அறுவைக்குப் பின்னும் ஒரு காவல்

உள்ளங்காலில் கறுப்புப் புள்ளியொன்று தோன்றினால், "கால் ஆணிதான்" என்று பிளேடால் சீவிவிடுவோர் நம்மவருள் உண்டு. வைட்ஃபீல்டில் கட்டட வேலையும் தோட்ட வேலையும் செய்து பிழைக்கும் தமிழன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். அப்புள்ளி சில வேளை மெலனோமா என்னும் தோற்புற்றாகவும் இருக்கக்கூடும். இந்நோய் நம் நாட்டில் அரிது; வருமிடத்துப் பாதங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டதும் இதுவே. அவர் 1981-இல், 36ஆம் வயதில் மறைந்தார்.

"அறுத்து எடுத்தாயிற்றே, இன்னும் மருந்து எதற்கு?" என்பர் சிலர். கேள்வி நியாயமானதே. களையைப் பிடுங்கிய பின்னும் விதை மண்ணிற் கிடப்பதுண்டு. அதுபோல, கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் நிணநீர் வழியே முன்னரே சென்று தங்கியிருக்கலாம். மெல்லிய கட்டிக்குப் பெரும்பாலும் அறுவை ஒன்றே போதும். கட்டி தடித்திருப்பினும், நிணநீர்க் கணுக்களை நோய் எட்டியிருப்பினும், கூடுதல் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் ஆலோசிப்பர்.

அச்சிகிச்சை இருவகைப்படும். முதலாவது, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது. இந்நெறிக்கு வழிகண்ட ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர். பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் என்னும் மருந்துகளை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நரம்பு வழியே செலுத்துவர். நிணநீர்க் கணுக்களை நோய் எட்டியவர்களிடையே நடந்த பெரிய ஆய்வொன்றில், பெம்ப்ரோலிஸுமாப் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேர் ஐந்தாண்டுகள் நோய் மீளாதிருந்தனர். பெறாதவருள் 38 பேரே அவ்வாறிருந்தனர். இரண்டாவது, பிராஃப் என்னும் மரபணுவில் குறித்த மாற்றம் உள்ளோர்க்கு மட்டும் உதவும் மாத்திரைகள். பாதத்தில் வரும் வகையில் அம்மாற்றம் குறைவு; எதிர்ப்பாற்றல் மருந்தும் அவ்வகையில் சற்றுக் குறைவாகவே பலன் தருகிறது. இதனையும் மறைத்தல் தகாது.

இம்மருந்துகளின் விலை மிகுதி, தீங்கும் உண்டு. தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் குடல், நுரையீரல், தைராய்டு முதலியவற்றையும் தாக்கக்கூடும். ஓயாத வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

பெங்களூரில் 1973-இல் தோன்றிய கித்வாய் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. அங்குச் செல்வோர் பயாப்ஸி அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்க. கன்னடம் அறியாதார் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. கட்டியின் தடிப்பு எவ்வளவு, நிணநீர்க் கணுக்களில் நோய் உண்டா, மரபணுச் சோதனை வேண்டுமா என்னும் மூன்று வினாக்களையும் தயங்காது கேளுங்கள். மொழி தெரியாமையால் சிகிச்சை தவறிப்போக வேண்டுவதில்லை.