பெயர் சொல்லிச் செபியுங்கள்

மறைக்கல்விப் பயிற்சியை முடித்து இன்று பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே,

"பிள்ளைகளுக்கு உற்சாகமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றுதான் என்னைச் சுங்கை சோவுக்கு அழைத்தார்கள். நான் கல்லறையைப் பற்றிப் பேசப் போகிறேன். நல்ல நாளில் இது என்ன பேச்சு என்று பாட்டிமார் முகம் சுளிக்க வேண்டாம். நாளை இவர்கள் வகுப்பெடுக்கப் போனால் முதலில் வந்து விழப்போகும் கேள்வியே, "டீச்சர், எங்க தாத்தா இப்ப எங்க இருக்காரு?" என்பதுதான்.

நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா, மறுநாள் கல்லறைத் திருநாள். குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ 998 வாக்கில் தம் மடங்களில் தொடங்கிவைத்த இந்தக் கல்லறைத் திருநாள் வழக்கம் பிறகு திருச்சபை முழுவதும் பரவியது. நம் பக்கத்தில் 1ஆம் தேதிப் பூசைக்குப் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கும். 2ஆம் தேதி கல்லறைத் தோட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இறந்துபோன அப்பா நம்மவர், புனிதர்கள் யாரோ பெரிய இடத்து ஆட்கள் என்று நமக்குள் ஓர் எண்ணம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் அந்த எண்ணத்துக்கு இடம் வைக்கவில்லை. புனிதராகும் அழைப்பு ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல. திருவிதாங்கூர் அரசின் உத்தியோகஸ்தர், குடும்பஸ்தர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அந்த விசுவாசத்துக்காகவே 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழி மலையில் அவரைச் சுட்டு, உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். கிடைத்த எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கினார்கள் நம் சனங்கள். புனிதர் பட்டம் 2022 மே 15இல்தான் வந்தது. கணக்குப் போட்டால் 270 ஆண்டு.

நாமோ அடக்கத்தன்றே பட்டம் கொடுத்துவிடுகிறோம்! "அப்பா மோட்சத்திலிருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்" என்று கல்லறையிலேயே ஒருவர் மைக்கில் சொல்கிறார். ஆறுதலுக்குச் சொல்வது, தெரியும். ஆனால் மோட்சத்துக்கே போய்விட்டவருக்கு நம் செபம் எதற்கு? முப்பதாம் நாள் பூசையோடு வீடு ஓய்ந்துவிடுகிறது. என் பார்வையில் இது இறந்தவருக்குச் செய்கிற மரியாதையே அல்ல. அரைகுறையாய் வாழ்ந்த மனிதனைக் கடவுள் குப்பையில் தள்ளாமல் சுத்தப்படுத்தி முடிக்கிறார் என்பதுதான் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றித் திருச்சபை சொல்வது. அந்த வேலையில் நமக்கும் பங்கு கொடுக்கிறார். அது லஞ்சம் கொடுத்து ஆளை மீட்கும் காரியம் அல்ல. அப்பாவுக்குப் பூசை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே அப்பா விட்டுப்போன வீட்டுக்காக அண்ணனோடு பேசாமல் இருக்கிறவர், முதலில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டட்டும். செபிக்கிறவனும் அந்தச் செபத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்த வேண்டியவன்தானே.

387இல் ஓஸ்தியா துறைமுகத்தில் மரணப் படுக்கையில் கிடந்த மோனிக்கம்மாள், தம் மகன்களிடம் சொன்னதை அவர்களில் ஒருவரான அகுஸ்தினார் எழுதி வைத்திருக்கிறார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை மறக்காதீர்கள் என்றார் அந்தத் தாய். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தோட்டத்துச் சனங்கள் ஞாபகம் வருகிறது.

1942, 43இல் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனான். பொய் சொல்லிச் சிலரை, பிடித்துப் பலரை. 415 கிலோமீட்டர் பாதை. வாந்திபேதியிலும் பட்டினியிலும் செத்த தமிழர்கள் பல்லாயிரம். காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனால், கைதிகளாய் இறந்த நேசநாட்டு வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாய்க் கல் இருக்கிறது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆளுக்கு அப்படி ஒரு கல் இல்லை. தோட்டத்துப் பெரட்டில் தினமும் பெயர் கூப்பிட்டார்களே, அந்தப் பெயர்களெல்லாம் எங்கே?

சயாம் வரைக்கும் போவானேன். கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பிறகு கித்தாக் காடெல்லாம் செம்பனையாகி, செம்பனைக் காடும் பல இடங்களில் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. லயன் போனது, கோவில் போனது, புதைகாடும் போனது. மிஞ்சிய புதைகாட்டில் பாராங்கை எடுத்து லாலானை வெட்டிக்கொண்டு போனால் அங்கங்கே சிமெண்டுச் சிலுவை தட்டுப்படும். ஈரம் காயுமுன் ஆணியால் கீறிய எழுத்து. 'சூ' இருக்கும், அடுத்த எழுத்தைப் பாசி மூடியிருக்கும், கீழே ஒரு வருடம் பாதி இருக்கும். மரச்சிலுவை வைத்தவர்களுக்கு அதுவும் இல்லை, நாலு மழையில் உளுத்துப்போயிற்று. சாமியார் எப்போதோ ஒருமுறை வரும் தோட்டங்களில் உபதேசியார்தான் செபம் சொல்லி அடக்கம் செய்தார். அந்த உபதேசியாரின் வேலையைத்தான் நீங்கள் இன்று கையில் வாங்குகிறீர்கள். அவர் புனிதரா என்று யாரும் கேட்டதில்லை. பால் வெட்டி முடித்த கையோடு சைக்கிளில் அடுத்த தோட்டத்துக்குப் போய்ப் பிணத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டவர், அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நவம்பர் பிறக்குமுன் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயன், பக்கத்து வீட்டில் யார், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யார் என்று கேளுங்கள். கத்தோலிக்கரா என்று பார்த்து வடிகட்ட வேண்டாம், பாட்டி சொல்கிற எல்லாப் பெயரையும் எழுதுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபிப்பவர்கள் அவர்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம் என்று திருச்சபை சொல்லியிருக்கிறது. போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். பட்டியலைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்தால் 2ஆம் தேதிப் பூசையில் வாசிக்க ஃபாதரிடம் நானே கேட்கிறேன். பட்டியல் நீளமாய் இருந்தால் பூசை அரை மணி நேரம் கூடத்தான் ஆகும். ஆகட்டும், கார் எங்கேயும் ஓடிவிடாது.