அண்மை விளி: மருத்துவமனை வானொலியின் மொழி



இங்கிலாந்தின் யார்க் நகர மருத்துவமனையில் 1925ஆம் ஆண்டு நோயாளர் கேட்பதற்கென வானொலி அமைக்கப்பட்டது. அந்நாட்டு மருத்துவமனை வானொலியின் தொடக்கம் அதுவே என்பர். இன்றும் அத்தகைய நிலையங்களை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களது பணி ஒலிபரப்பு அறையில் தொடங்குவதில்லை, வார்டில் தொடங்குகிறது. படுக்கைதோறும் சென்று, விரும்பும் பாடலைக் கேட்டு எழுதிக்கொண்டு, பின்னரே ஒலிபரப்புவர்.

நோயாளி நாள் முழுதும் வினாக்களுக்கு விடை சொல்கிறார். எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன மருந்து? அவை தேவையான வினாக்களே. ஆயினும் நோயைப் பற்றியவை. 'என்ன பாட்டுப் பிடிக்கும்?' என்பதோ ஆளைப் பற்றியது. செய்தி சொல்வதற்கன்றி உறவு பேணுவதற்காகவே நிகழும் பேச்சும் உண்டென மாலினோவ்ஸ்கி 1923இல் சுட்டினார். மருத்துவமனை வானொலி அவ்வகைப் பேச்சு.

நம் வட்டாரத்தில் இதன் தேவை பெரிது. தோட்டங்களில் வளர்ந்து கிள்ளானிலும் பூச்சோங்கிலும் குடியேறிய முதியோர் பலர் கடைத்தெரு மலாயில் வல்லவர்கள். எனினும் வலியைச் சொல்ல நேரும்போது 'சாக்கிட்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவோர் உளர். நோய்க்கும் வலிக்கும் பொதுவான சொல் அது. மலாயிலும் வலியின் வகைகளுக்குத் தனிச்சொற்கள் உண்டு; அவை இவர்கள் நாவில் ஏறவில்லை. தமிழிலோ குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என வேறுபடுத்திச் சொல்வார்கள். பாட்டைப் பற்றித் தொடங்கும் பேச்சில் இச்சொற்கள் தாமே வெளிவரலாம். அவற்றைக் கேட்ட தன்னார்வலர், தாமாகப் பொருள் கூறாமல், தாதியை அழைத்துத் தெரிவித்தல் வேண்டும்.

எந்தத் தமிழில் பேசுவது? தொல்காப்பியத்தின் விளிமரபு இங்கே வழிகாட்டுகிறது. தொலைவில் உள்ளாரை அழைக்குங்கால் ஒலி நீளும். அருகில் உள்ளாரை அழைக்குங்கால் பெயர் இயல்பாகவே நிற்கும். வானொலி தொலைவிலிருந்து வரும் குரல். மருத்துவமனை வானொலியோ அண்மை விளியில் பேசவேண்டிய குரல். 'நேயர்களே' என்ற பன்மை அங்குப் பொருந்தாது. 'பாட்டி, நீங்கள் கேட்ட பாட்டு இதோ' என்பதே பொருந்தும். செய்தி வாசிக்கும் நடை படுக்கையருகே அந்நியமாகிவிடும்.

மாணவர்களே, மருத்துவமனையின் இசைவு பெற்று, வாரம் அரைமணி நேரப் பதிவு ஒன்றைச் செய்ய உங்களால் இயலும். நோயின் பெயரையும் படுக்கை எண்ணையும் ஒலிபரப்பாதீர்கள். இசைவின்றி எவர் பெயரையும் சொல்லாதீர்கள். உறங்குவோரை எழுப்பாதீர்கள். 'பாட்டு வேண்டாம்' என்பதையும் ஒரு விடையாக ஏற்று, சற்று நேரம் அமர்ந்திருங்கள்.

வகுப்பில் நாம் இலக்கணமாகக் கற்கும் விளி, தம் மொழியில் எவரும் அழைக்காத ஒருவரின் செவியில் விழும்போது மருந்துக்குத் துணையாகிறது. அத்துணையை அளிக்கும் தமிழ் உங்களிடம் உண்டு.