வினைமுதல் மறைந்த மூன்று சொற்கள்



கவியரங்குகளில் சுற்றுச்சூழல் என்று தலைப்புக் கொடுக்கப்படும் போதெல்லாம் மூன்று சொற்கள் கைகோத்துக்கொண்டு மேடையேறுகின்றன. புவி வெப்பமாதல், ஓசோன் படலம் தேய்தல், உலகமயமாதல் என்பன அவை. மூன்றும் உலகளாவியவை, மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமிழ் ஏடுகளில் பரவலாகப் புழங்கத் தொடங்கியவை. அதனாலேயோ என்னவோ, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பாடும் வழக்கமும் வந்துவிட்டது. ஓசோனில் ஓட்டை விழுந்ததால் வெயில் ஒழுகுகிறது, வெயில் ஒழுகுவதால் ஏரி வற்றுகிறது, ஏரி வற்றுவது உலகமயத்தால் என ஒரு சங்கிலி கோக்கப்படுகிறது. கைத்தட்டலும் கிடைக்கிறது. பின்னர்த் தேநீர் வேளையில்தான் உண்மையான வினாக்கள் எழுகின்றன. தாம்பரத்து வெயிலுக்கும் ஓசோனுக்கும் என்ன தொடர்பு? 2015இல் பீர்க்கன்கரணையைச் சூழ்ந்த வெள்ளம் புவி வெப்பத்தால் வந்ததா? உலகமயம் என்பது கணியன் பூங்குன்றனார் கண்ட கனவுதானே?

இவ்வினாக்களுக்கு விடை கூறும் முன் இலக்கணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பமாதல், தேய்தல், மயமாதல் ஆகிய மூன்றும் தொழிற்பெயர்கள், மூன்றும் தன்வினை. தாமே நிகழ்பவை போல் ஒலிப்பவை. நிலவு தேய்கிறது, அதை யாரும் தேய்ப்பதில்லை. ஓசோன் படலமோ தேய்க்கப்பட்டது. தெரிநிலை வினையானது செய்பவன் தொடங்கிச் செய்பொருள் ஈறாக ஆறினைக் காட்டும் என்பது நன்னூல் விதி. இம்மூன்று சொற்களிலும் அந்த ஆறனுள் முதலாவதைக் காணோம். வினைமுதல் மறைந்த இடத்தில் கவிஞர்கள் 'காலம்' என்றும் 'மனிதன்' என்றும் 'வானம்' என்றும் எதையாவது இட்டு நிரப்புகின்றனர்.

ஓசோனில் அந்த வினைமுதலைத் தேடிக் கண்டனர். ஆதலால் அக்கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது.

மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கூடிய வளியே ஓசோன். அதன் பெரும்பகுதி தரைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையுள்ள அடுக்கில் பரவிக் கிடந்து, புறஊதாக் கதிர்களில் கேடு மிக்கவற்றைத் தடுக்கிறது. குடை, கூரை, போர்வை என்றெல்லாம் அதனை உருவகித்துப் பாடியாயிற்று. ஆயினும் அளவு தெரிந்தால் உருவகம் இன்னும் கூர்மை பெறும். அவ்வளவு உயரத்தில் பரந்துள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்திற்குக் கொணர்ந்து ஒடுக்கினால் கிடைக்கும் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போன்ற தடிப்பு. உயிரினங்கள் நிலத்தில் வாழ இடம் தந்தது அந்தத் தடிப்பு.

குளிர்பதனப் பெட்டி வந்த தொடக்கக் காலத்தில் அதனுள் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் ஓடின. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் அதற்கு மாற்றாகக் குளோரோஃபுளோரோ கார்பன் என்னும் சேர்மத்தைக் கொணர்ந்தனர். நஞ்சில்லை, நெருப்புப் பற்றாது, எளிதில் சிதையாது. சிதையாத அந்த நற்குணமே பின்னர்ப் பெருங்குற்றமாயிற்று. கீழே எதனோடும் சேராமல் மேலேறிய அது, உயரத்தில் புறஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து குளோரினை விடுவித்தது. ஒரு குளோரின் அணு ஓசோன் மூலக்கூறுகளை ஒரு லட்சம் வரை அழிக்கவல்லது. இதனை 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு இருவரும் எழுத்தில் வைத்தனர். தொழிற்சாலைகள் மறுத்தன. 1985இல் ஜோசப் ஃபார்மன் முதலிய பிரித்தானிய ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவின் ஹாலி தளத்தில் நின்று வானத்தை அளந்து, இளவேனிற்கால ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதை அறிவித்தனர். ஈராண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அப்படியானால் தாம்பரத்துக் கத்தரி வெயில்? அதற்கும் ஓசோன் ஓட்டைக்கும் உறவில்லை. 'ஓட்டை' எனப்படுவது ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் சில மாதங்கள் தென் துருவத்தின் மேல் தோன்றும் மெலிவு. வெப்ப மண்டல வானில் ஓசோன் இழப்பு மிகச் சிறிது. மேலும் புறஊதாக் கதிர் தோலையும் கண்ணையும் பயிரையும் தாக்குமேயன்றி, ஊரைச் சூடாக்கும் ஆற்றலில் அதன் பங்கு சிறியது. ஓட்டை வழியே வெயில் ஒழுகும் படிமத்தை, அது எவ்வளவு அழகாயிருப்பினும், கைவிடுவதே நலம்.

இந்தியா இவ்வுடன்படிக்கையில் உடனே சேரவில்லை. அச்சேர்மத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தியவை செல்வ நாடுகள். மாற்றுப் பொருளின் நுட்பமும் அவற்றின் கையிலேயே இருந்தது. இந்தியாவும் சீனாவும் இதனைச் சுட்டி வாதிட்டன. 1990இல் இலண்டனில் கூடிய மாநாடு, வளரும் நாடுகளுக்கு உதவப் பன்னாட்டு நிதியம் ஒன்றை அமைக்க இசைந்தது. அதன்பின் 1992இல் இந்தியா சேர்ந்தது. இச்சேர்மத்தை உற்பத்தி செய்த இந்திய நிறுவனங்களுள் ஒன்று மேட்டூரில் இயங்கியது என்பது, இக்கதை தென் துருவத்தோடு முடிவதன்று என்பதைக் காட்டும். 2008 ஆகஸ்டு 1 முதல் இந்தியாவில் அவ்வுற்பத்தி நின்றது. கெடு 2010 சனவரி வரை இருந்தது. குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் சிறு கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு, வளியைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்டெடுக்கும் முறை கற்பிக்கப்பட்டது. உலக வானிலை அமைப்பு 2023 சனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்போக்கு நீடித்தால் அண்டார்க்டிகாவின் மேல் சுமார் 2066இலும், துருவங்கள் நீங்கலான பிற பகுதிகளில் சுமார் 2040இலும் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். ஓசோனுக்காக இரங்கற்பா பாடும் கவிஞர்கள் இவ்வாண்டுகளையும் மனத்தில் கொள்ளலாம்.

ஓசோனுக்கும் வெப்பத்திற்கும் தொடர்பே இல்லையா எனில், ஒன்று உண்டு. தடைசெய்யப்பட்ட சேர்மத்திற்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோ கார்பன்கள் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பத்தைச் சிறைப்பிடிப்பதில் வல்லவை. கார்களின் ஏ.சி.யில் நெடுங்காலமாக ஓடிவந்த 134ஏ என்னும் வளி, நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் இவற்றையும் படிப்படியாகக் குறைக்க உடன்பாடு கண்டனர். 2021இல் இந்தியா அதனை ஏற்றது.

இனிப் புவி வெப்பம். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கரியமில வாயு புவியைச் சூடாக்கும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டுக் காட்டினார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இங்கும் வினைமுதல் உண்டு. ஆனால் அது கோடிக்கணக்கான புகைபோக்கிகளாகவும் எஞ்சின்களாகவும் சிதறிக் கிடக்கிறது. சிதறிய வினைமுதலை வேறொருவர் தலையில் ஏற்றுவது எளிது.

அப்படி ஒரு முயற்சி நடந்தது. 1990களின் தொடக்கத்தில், மீத்தேன் வாயுவுக்காக இந்திய நெல்வயல்களும் கால்நடைகளும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அதற்கு மறுப்பு எழுதினர். உயிர் பிழைக்கச் சோறு விளைவிக்கும் வயலின் வாயுவையும் சொகுசுக்காக ஓடும் காரின் புகையையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பது அவர்களது வாதம். அறிவியலாளர் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய வயல்களில் நேரடியாக அளந்தபோது, அயல்நாட்டு மதிப்பீட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மீத்தேனே வெளிவருவது தெரிந்தது. மருத நிலத்தின் முதன்மைக் கருப்பொருளாகிய நெல்லின் மேல் சுமத்தப்பட்ட பழி அது. தமிழ்க் கவிஞர்கள் அதனைப் பாடாமல் விட்டது வியப்பே. இன்றும் ஓர் இந்தியர் ஆண்டொன்றில் வெளியிடும் கரியமில வாயு சராசரியாக 2 டன் அளவு. அமெரிக்கர் ஒருவரின் கணக்கு ஏறத்தாழ 14 டன்.

மருதத்தை எண்ணும்போதே பீர்க்கன்கரணை நினைவுக்கு வந்துவிடும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது. பீர்க்கன்கரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர் என ஊருக்கோர் ஏரியுண்டு. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் வரத்துக்கால் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். கடைசியில் மிஞ்சியதே ஆற்றுக்குப் போகும். தாம்பரத்துக்கு மேற்கே அந்த ஆறு அடையாறு. ஏரிகளின் இந்த ஏற்பாட்டில் மழை ஒரே நாளில் ஆற்றை எட்டாது. தங்கித் தங்கிச் செல்லும்.

2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 140 சென்டிமீட்டர். அதில் மூன்றிலொரு பங்கு ஒரே நாளில் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. தெருக்களில் படகுகள் ஓடின. இரண்டு நாள்களுக்கு முன்புதான், நவம்பர் 30 அன்று, பாரீசில் உலகத் தலைவர்கள் புவி வெப்பத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தனர். இரண்டையும் இணைத்துக் கவிதை எழுதக் கை துடிப்பது இயல்பே. பலர் எழுதவும் செய்தனர்.

ஆனால் அந்த மழையை ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்ட பன்னாட்டு அறிவியலாளர் குழு, அதில் புவி வெப்பத்தின் தடத்தைத் தெளிவாகக் காண இயலவில்லை என்றே எழுதியது. இதைக் கொண்டு புவி வெப்பமே பொய் எனக் கூறுதல் பேதைமை. வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஆகவே பொதுவாகப் பெருமழையின் வலிமை கூடும் என்பது உறுதியான அறிவியல். அந்தக் குறிப்பிட்ட மழைக்கு அதனைப் பொறுப்பாக்கச் சான்று போதவில்லை என்பதே அக்கட்டுரையின் செய்தி. மழையைப் பெய்வித்தது யார் என்பது ஒரு வினா. பெய்த மழையை வீட்டுக்குள் விட்டது யார் என்பது மற்றொரு வினா. பின்னதற்கு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கால்வாய்களின் புல வரைபடத்தைப் பார்த்தால் போதும். வரத்துக்காலில் எழுந்த மனைப்பிரிவும், நீர்வழியை மறித்து உயர்ந்த சாலையும், கலங்கலுக்குக் கீழே கட்டிய வீடும் பெயரும் தேதியும் கையொப்பமும் உடைய செயல்கள். ஏரி ஒரு துறையிடம், சாலை இன்னொரு துறையிடம், மனைக்கு ஒப்புதல் வேறோர் அமைப்பிடம் எனப் பிரிந்து கிடப்பதால் வினைமுதல் மறைய வசதியாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடியும் நீரில் நின்றன. 'புவி வெப்பமாதலால் வெள்ளம்' என்று கவிஞர் ஒருவர் பாடிவிட்டால், அந்தக் கையொப்பங்களுக்கெல்லாம் அவரே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவராகிறார்.

மூன்றாவது சொல்லில் மட்டும் தமிழ் ஒரு நன்மை செய்திருக்கிறது. சிலர் உலகமயமாதல் என்பர். சிலர் உலகமயமாக்கல் என்பர். ஆதல் தன்வினை, ஆக்கல் பிறவினை. பின்னதைச் சொன்ன உடனே 'ஆக்கியவர் யார்?' என்னும் வினா தானே எழுகிறது. 1991 சூலையில் இந்திய அரசு வகுத்த பொருளாதாரக் கொள்கை, 1995 சனவரி 1 அன்று தோன்றிய உலக வணிக அமைப்பு என விடையும் கிடைக்கிறது. எழுதுவோர் இவ்விரண்டனுள் எதைத் தேர்கின்றனர் என்பதிலேயே அவர்தம் நிலைப்பாடு தெரிந்துவிடும்.

கணியன் பூங்குன்றனாரை இதற்குச் சான்றாக அழைப்பது மேடைகளில் நிலைத்துவிட்ட பழக்கம். புறநானூற்றின் 192ஆம் பாடலை முழுவதும் படித்தோர் அதனைச் செய்யார். ஆற்று நீரின் போக்கில் செல்லும் மிதவையைப் போல் உயிர் முறைவழிச் செல்லும் என்று தெளிந்த ஒருவர், பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இன்றி நிற்கும் நிலையே அப்பாட்டு. சுங்க வரிக் குறைப்பும் மூலதனப் பெயர்ச்சியும் அதில் இல்லை. எல்லா ஊரையும் தன் ஊராகக் கருதும் புலவனும், எல்லா ஊரையும் தன் சந்தையாகக் கருதும் நிறுவனமும் ஒருவராக மாட்டார். உலகம் ஒன்றுபட்டதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனில், எல்லா நாடுகளும் கையெழுத்திட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையைக் காட்டலாம். அங்கும் கூட ஏழை நாடுகள் வாதாடிய பின்னரே நிதியம் வந்தது.

உலகமயம் ஜி.எஸ்.டி. சாலைக்கு எப்படி வந்தது என்பதை பீர்க்கன்கரணையில் நின்றே காணலாம். வடக்கே தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் தோன்றிவிட்டது. அதாவது, அச்சொல் இங்குப் பரவும் முன்பே பொருள் வந்துவிட்டது. தெற்கே வண்டலூரும் கூடுவாஞ்சேரியும் தாண்டினால் மறைமலைநகர். தனித்தமிழின் தந்தை பெயர் தாங்கிய அவ்வூரில் 1990களின் பிற்பகுதியில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் ஆலை எழுந்தது. அதனை நம்பிச் சிறு தொழிற்கூடங்களும் வாடகை வீடுகளும் உணவகங்களும் இச்சாலையெங்கும் பெருகின. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2022 சூலையில் அவ்வாலையிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தது.

'ஆலை மூடப்பட்டது' என்றே ஏடுகள் எழுதின. செயப்பாட்டு வினை. தொழிலாளர் வாயிலில் நின்று முறையிட்டபோது, முடிவெடுத்தவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில் இருந்தனர். 2024 செப்டம்பரில், அதே ஆலையை ஏற்றுமதிக்கான உற்பத்திக்குத் திரும்பப் பயன்படுத்தத் தமிழக அரசிடம் அந்நிறுவனம் விருப்பக் கடிதம் அளித்தது. அக்கடிதத்தில் எழுவாய் மறையவில்லை.